மரபணுக்களின் கங்காணிகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அதனால் விடுமுறைக்கு ஊர் சென்றால் ஒவ்வொருவருக்கும் என்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கும். ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது எப்படி என்பதிலிருந்து நிலா ஏன் தேய்கிறது என்பது வரை கேட்பார்கள். பெரும்பாலானவற்றுக்கு எதையாவது சொல்லிச் சமாளித்து விடுவேன். முதலாண்டுப் பொங்கல் விடுமுறையில் அத்தை கேட்ட கேள்விக்கு மட்டும் என்னால் சமாளிக்க முடியவில்லை.

அத்தை மகனுக்கு ஒன்பது வயது. நம் பாடநூல் 'கதிரரிவாள் சோகை' என்று கூறும் நோய் அவனுக்கு உண்டு. எங்கள் மலையில் அதனைச் 'சிக்கிள் செல்' என்றே எல்லோரும் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்குக் கூட அந்த இரண்டு ஆங்கிலச் சொற்கள் தெரியும். அத்தை கேட்டது இதுதான்: "பொறந்தப்ப நல்லாத்தானே இருந்தான்? ஆறு மாசம் கழிச்சுத்தானே கையும் காலும் வீங்கிச்சு? ரத்தத்திலேயே உள்ள நோயின்னு டாக்டர் சொல்றார். ரத்தம் பொறந்தப்பவே இருந்துச்சே, நோய் மட்டும் ஏன் அப்ப வரல?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது எனக்குத் தெரியும். அந்த ஆறாம் மாதத்தில்தான் அத்தை குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மறுபடியும் தேயிலை பறிக்கப் போனார். தாய்ப்பால் குறைந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். கண்ணேறு பட்டது என்று சொன்னவர்களும் உண்டு. முதலில் காட்டிய மருத்துவமனை ஒன்றில், வெறும் சோகை என்று எண்ணி ஈராண்டுக் காலம் இரும்புச்சத்து டானிக் மட்டும் கொடுத்தார்கள். ஒன்பது ஆண்டுகளாக அத்தை தம்மைத் தாமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருக்கிறார்.

விடை, இவ்வாண்டு நாங்கள் படிக்கத் தொடங்கியுள்ள ஒரு பாடத்தில் இருக்கிறது. டி.என்.ஏ.யைப் பற்றிக்கொண்டு மரபணுக்களை ஆளும் புரதங்களைப் பற்றிய பாடம் அது. பாடநூலில் நான்கு பக்கந்தான். நூலகத்தில் மேலும் தேடிப் படித்தவற்றையும், எங்கள் விரிவுரையாளர் பொறுமையுடன் விளக்கியவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பிற துறை நண்பர்களுக்கும் புரிய வேண்டும் என்பது என் ஆசை.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும், அதன் உட்கருவுக்குள், டி.என்.ஏ. என்னும் இரட்டை இழை இருக்கிறது. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட ஏடு அது. தாயிடமிருந்து ஒரு படியும் தந்தையிடமிருந்து ஒரு படியுமாக வருகின்ற இந்த ஏட்டில், ஒரு படிக்கு ஏறக்குறைய 320 கோடி எழுத்துகள். ஓர் உயிரணுவில் உள்ளதனைத்தையும் நீட்டிப் பிடித்தால் இரண்டு மீட்டர் நீளம் வரும். அது சுருண்டு கிடக்கும் உட்கருவோ ஒரு மில்லி மீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த ஏட்டில் புரதங்களுக்கான செய்முறைகள் ஏறத்தாழ 20,000 உள்ளன. அவற்றையே மரபணுக்கள் என்கிறோம்.

இங்கேதான் ஒரு புதிர். கண்ணில் உள்ள உயிரணுவிலும் கல்லீரலில் உள்ள உயிரணுவிலும் இருப்பது ஒரே ஏடு. அப்படியானால் கண் ஏன் பித்தநீர் சுரப்பதில்லை? வளர வளர வேண்டாத பக்கங்களை உயிரணு கிழித்தெறிந்து விடுகிறதோ என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் ஐயுற்றனர். 1962இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குர்டன் என்பவர் ஒரு தலைப்பிரட்டையின் குடல் உயிரணுவிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கப்பட்ட தவளை முட்டைக்குள் வைத்தார். அவ்வாறு செய்த முட்டைகளில் சில, முழுத் தவளைகளாகவே வளர்ந்தன. குடலின் உட்கருவில் கண்ணுக்கும் காலுக்குமான பக்கங்கள் கிழியாமல் இருந்தன என்பது இதனால் உறுதியாயிற்று. (இந்தக் குர்டன் பள்ளியில் உயிரியல் பாடத்தில் 250 மாணவர்களுள் கடைசியாக வந்தவர். 2012இல் நோபல் பரிசு பெற்றார். உள்தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து மனம் உடைந்திருக்கும் என் வகுப்புத் தோழர்கள் இதனைக் குறித்துக் கொள்ளலாம்.)

ஆக, எல்லாப் பக்கங்களும் எல்லா இடத்திலும் இருக்கின்றன. எந்தப் பக்கம் எப்போது எங்கே படிக்கப்பட வேண்டும் என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள். யார்?

தேயிலைத் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. தோட்டத்தில் பல காடுகள் உண்டு. எங்கள் பக்கம் தேயிலைப் பகுதியைக் 'காடு' என்போம். எல்லாக் காட்டிலும் ஒரே நாளில் கொழுந்து பறிப்பதில்லை. இன்று எந்தக் காட்டில் ஆள் இறங்க வேண்டும், எதில் இறங்கக் கூடாது என்று காலையில் கங்காணி சொல்வார். கங்காணி கொழுந்து பறிப்பதில்லை. ஆனால் அவர் சொல்லாமல் ஒரு கூடையும் நிறையாது. உயிரணுவுக்குள் இந்தக் கங்காணி வேலையைப் பார்ப்பவை டி.என்.ஏ.யைப் பற்றும் புரதங்களே. மனித உடலில் மட்டும் இத்தகையவை ஏறக்குறைய 1,600 வகை இருக்கின்றன.

முதன்முதலில் இவற்றின் இருப்பை உணர்ந்தவர்கள் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ ஆகிய இருவர். அவர்கள் ஆராய்ந்தது நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை. இதற்கு இனிப்புகளில் குளுக்கோசே மிகவும் பிடித்தம். பாலில் உள்ள லாக்டோசையும் தின்னும். ஆனால் அதனைப் பிளக்கத் தனி நொதி வேண்டும். லாக்டோசு இல்லாதபோது அந்நொதி பெயரளவுக்கே இருக்கிறது. லாக்டோசைக் கொடுத்த சில நிமிடங்களில் நொதியின் அளவு ஆயிரம் மடங்கு வரை பெருகுகிறது. குளுக்கோசு தீர்ந்து லாக்டோசுக்கு மாறும் இடைவேளையில் பாக்டீரியாவின் வளர்ச்சி சற்று நின்று, பிறகு மீண்டும் தொடங்குவதை மோனோ 1941ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். அந்தச் சிறு தயக்கத்தின் பொருளை அறிய அவருக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன!

1961இல் இருவரும் வெளியிட்ட விளக்கம் இது: நொதிக்கான மரபணுவின் வாயிலில் ஓர் 'அடக்கி' உட்கார்ந்திருக்கிறது. அது உட்கார்ந்திருக்கும் வரை மரபணு படிக்கப்படாது. லாக்டோசு உள்ளே வந்ததும் அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் அடக்கியைப் பற்றி, அதன் வடிவத்தைச் சற்றே மாற்றுகிறது. வடிவம் மாறிய அடக்கியால் டி.என்.ஏ.யைப் பற்றிக் கொண்டிருக்க முடியாது; எழுந்து விடுகிறது. வாயில் திறக்கிறது. 1965இல் இருவருக்கும், அவர்களுடைய மூத்த துணைவர் ஆந்திரே லுவாஃபுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அடக்கியை யாரும் கண்ணால் கண்டதில்லை. அதனைப் பிரித்தெடுத்தவர்கள் ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட், பென்னோ முல்லர்-ஹில் ஆகியோர், ஆண்டு 1966. அது எளிய வேலையன்று. ஒரு பாக்டீரியாவுக்குள் பல்லாயிரம் புரத மூலக்கூறுகளுக்கு நடுவே இந்த அடக்கி ஏறக்குறைய பத்தே பத்துதான் இருக்கிறது. கில்பர்ட் அடிப்படையில் இயற்பியல்காரர். நோபல் பரிசு பெற்ற அப்துஸ் சலாமிடம் ஆய்வு செய்தவர். பாடப் பிரிவுகளுக்கு இடையே நாம் கட்டியிருக்கும் சுவர்கள் அங்கே அவ்வளவு உயரமில்லை போலும். அடக்கி உட்காரும் இடத்தில் உள்ள எழுத்துகளை 1973இல் கில்பர்ட்டும் ஆலன் மாக்ஸமும் படித்துச் சொன்னார்கள். மொத்தம் 24.

ஒரு புரதம் எழுத்தை எப்படிப் 'படிக்க' முடியும்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆகையால் வாசகர்கள் சற்றுப் பொறுத்தருள்க.

டி.என்.ஏ. ஒரு முறுக்கிய கயிற்றேணி என்பது பள்ளியிலேயே படித்தது. எழுத்துகள் ஏணியின் படிகளாக உள்ளே இருக்கின்றன. அவற்றைப் படிக்க ஏணியைப் பிளக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேவையில்லை. முறுக்கின் காரணமாக ஏணியின் வெளிப்புறத்தில் இரண்டு பள்ளங்கள் சுற்றிச் செல்கின்றன. ஒன்று அகலமானது, மற்றது குறுகலானது. அகன்ற பள்ளத்தில் ஒவ்வொரு படியின் விளிம்பும் வெளியே தெரிகிறது. ஏ-டி படியின் விளிம்பும், ஜி-சி படியின் விளிம்பும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றில் ஹைட்ரஜனைக் கொடுக்கும் இடம் உள்ள நிலையில், மற்றொன்றில் அதனை ஏற்கும் இடம் இருக்கிறது. டி எழுத்து இருக்குமிடத்தில் ஒரு மெத்தில் தொகுதி முண்டாகத் துருத்தி நிற்கிறது. புரதத்தில் உள்ள சுருள் பகுதி ஒன்று இந்த அகன்ற பள்ளத்தில் அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. சுருளின் அமினோ அமிலங்கள் அந்த மேடு பள்ளங்களைத் தடவிப் பார்க்கின்றன. பார்வையற்றோர் பிரெயில் எழுத்தைப் படிப்பதைப் போன்றது. எழுத்து வரிசை பொருந்தினால் புரதம் இறுகப் பற்றும். பொருந்தாவிடில் நழுவி விடும்.

இவ்வாறு படிக்கும் கைகளில் பல அமைப்புகள் உண்டு. அவற்றுள் 'துத்தநாக விரல்' என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். ஏறத்தாழ 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு மடிப்பு. அதன் நடுவில் ஒரே ஒரு துத்தநாக அணு முடிச்சுப் போட்டு நிறுத்தியிருக்கும். ஒரு விரல் சுமார் மூன்று எழுத்துகளைத் தொட்டுப் படிக்கும். விரல்களை வரிசையாக அடுக்கினால் நீண்ட சொற்களையும் படிக்கலாம். 1985இல் கேம்பிரிட்ஜில் ஆரன் குளுக்கும் துணைவர்களும் இதனைக் கண்டறிந்தது, குர்டன் பயன்படுத்திய அதே ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்களில்தான்.

இனி உயிரணு வளர்ச்சிக்கு வருவோம். பாக்டீரியாவில் கங்காணியின் உத்தரவு ஒரு வேளை உணவுக்கானது. நம்மைப் போன்ற உயிர்களில் அது ஓர் உயிரணுவின் வாழ்நாள் தொழிலையே தீர்மானிக்கிறது. 1987இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹெரால்டு வெயின்டிராப் குழுவினர், இணைப்புத் திசு உயிரணுவுக்குள் மயோடி என்ற ஒரே ஒரு புரதத்துக்கான மரபணுவை இயக்கிவிட்டார்கள். அது தசை உயிரணுவாக மாறிற்று. 1995இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கெரிங் குழுவினர், கண் உருவாக்கத்தை ஆளும் மரபணுவைப் பழ ஈயின் காலிலும் இறக்கையிலும் இயங்கச் செய்தபோது அங்கெல்லாம் கண்கள் முளைத்தன. ஈயின் மரபணுவுக்குப் பதிலாகச் சுண்டெலியின் மரபணுவை வைத்தபோதும் ஈயின் கண்ணே முளைத்தது என்பதுதான் பெரு வியப்பு. 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா நான்கே நான்கு புரதங்களைக் கொண்டு, முதிர்ந்த தோல் உயிரணுவைக் கருநிலை உயிரணுவைப் போன்ற இளமைக்குத் திருப்பிவிட்டார். இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குரியவை. நான் இரத்தத்துக்குத் திரும்ப வேண்டும்.

நம் இரத்தத்தின் சிவப்பணுவில் முதிர்ந்த பின் உட்கரு இல்லை. அதன் வேலைகளெல்லாம் எலும்பு மச்சையில் அது இளம் உயிரணுவாக இருக்கும்போதே தீர்மானமாகி விடுகின்றன. அங்கே தலைமைக் கங்காணி கேட்டா-1 என்ற புரதம். இதுவும் துத்தநாக விரல் கொண்டதே. ஜி, ஏ, டி, ஏ என்ற நான்கு எழுத்துகள் வரும் இடங்களைத் தேடிப் பற்றுவதால் அந்த எழுத்துகளே அதற்குப் பெயராயின. இது இல்லையேல் சிவப்பணு முதிர்வதே இல்லை.

சிவப்பணுவை நிறைத்திருப்பது ஹீமோகுளோபின். வளர்ந்தவர்களிடம் அது இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா சங்கிலிகளால் ஆனது. தாயின் வயிற்றில் உள்ள சிசுவிடமோ பீட்டாவுக்குப் பதில் காமா என்ற சங்கிலி இருக்கிறது. சிசுவின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இன்னும் இறுகப் பற்றும்; அப்போதுதான் தாயின் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனை வாங்க இயலும். காமாவும் பீட்டாவும் பதினோராம் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன, வளர்ச்சியில் எது முந்தி வருமோ அதே வரிசையில். இவற்றுக்கு வெகு முன்னால், பீட்டாவிலிருந்து ஏறக்குறைய 50,000 எழுத்துகள் தள்ளி, ஓர் ஆளுகைப் பகுதி இருக்கிறது. டி.என்.ஏ. வளைந்து கொடுத்து, அந்தப் பகுதி முதலில் காமாவைத் தொட்டு இயக்குகிறது. பின்னர் பீட்டாவைத் தொடுகிறது. ஒரே தண்ணீர்க் குழாயை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் திருப்பி விடுவது போல.

கதிரரிவாள் சோகை, பீட்டா மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வருவது. ஜி-ஏ-ஜி என்றிருக்க வேண்டிய இடத்தில் ஜி-டி-ஜி. அதனால் ஆறாவது அமினோ அமிலம் குளூட்டாமிக் அமிலமாக இல்லாமல் வாலினாகி விடுகிறது. ஆக்சிஜனைக் கொடுத்து முடித்த பின் இத்தகைய ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளாகின்றன. சிவப்பணு அரிவாள் போல் வளைந்து, மெல்லிய குழாய்களை அடைக்கிறது. அடைத்த இடத்தில் வலி. அந்த வலியை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. இரவு முழுதும் அவன் முனகுவதைக் கேட்டிருக்கிறேன். இந்தியாவில் இந்தக் குறை முதன்முதலில் 1952இல் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டது. பதிவான இடம் எங்கள் நீலகிரிதான். எங்களைப் போன்ற பழங்குடி மக்களிடந்தான்.

பிறந்த குழந்தையிடம் நோய் தெரியாததை 1948இலேயே நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற பெண் மருத்துவர் கவனித்து, சிசு ஹீமோகுளோபினே காரணமாகலாம் என்று கருதினார். அவர் கருதியது சரி. குறை இருப்பது பீட்டாவில். பிறக்கும்போது குழந்தையின் இரத்தத்தில் பெரும்பகுதி காமாவால் ஆனது, அதற்குக் குறையில்லை. அது மட்டுமன்று, கம்பியாக ஒட்டுவதையும் அது தடுக்கிறது. பிறந்தபின் மாதந்தோறும் காமா குறைந்து, பீட்டா ஏறி, ஆறு மாத அளவில் குறையுள்ள சங்கிலி மேலோங்கி விடுகிறது. கை கால் வீக்கம் அப்போதுதான் வரும். தாய் வீட்டில் இருந்தாலும், தேயிலைக் காட்டில் இருந்தாலும், பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது வரும்.

காமாவை மூடுவது யார்? 2008இல் பாஸ்டன் நகரில் ஸ்டூவர்ட் ஆர்க்கின் ஆய்வகத்தார் ஆளைப் பிடித்துக் கொடுத்தார்கள். பெயர் பி.சி.எல்.11ஏ. அதுவும் துத்தநாக விரல் கொண்ட ஓர் அடக்கியே. காமா மரபணு தொடங்குவதற்கு ஏறத்தாழ 115 எழுத்துகள் முன்பாக டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்ற ஆறு எழுத்துச் சொல் இருக்கிறது. அதன்மேல் அது அமர்கிறது என்று 2018இல் தெளிவாயிற்று. உலகில் சிலருக்குப் பிறவியிலேயே அவ்விடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அவர்களிடம் அடக்கி சரியாக அமர முடிவதில்லை. வாழ்நாள் முழுதும் காமா சுரந்து கொண்டே இருக்கிறது. அதனால் அவர்களுக்கு ஒரு தீங்கும் இல்லை!

அப்படியானால் பி.சி.எல்.11ஏ.யை ஒழித்துவிட்டால் நோய் தீருமே? சுண்டெலியில் 2011இல் செய்து பார்த்தார்கள், தீர்ந்தது. ஆனால் மனிதனில் அதனை அடியோடு ஒழிக்க முடியாது. மூளை வளர்ச்சிக்கும், நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் அதே புரதம் வேண்டும். ஒரே கங்காணி பல தோட்டங்களில் வேலை பார்க்கிறார். வழி காட்டியது கேட்டா-1. சிவப்பணுவின் இளமையில் பி.சி.எல்.11ஏ.யை முடுக்கிவிடுவது அதுதான். அதற்காக அது பற்றும் இடம் வேறெந்த உறுப்புக்கும் முக்கியமில்லை. அந்த ஓர் இடத்தை மட்டும் கிரிஸ்பர் என்ற கத்தரியால் வெட்டிவிட்டால், கேட்டா-1 பற்ற முடியாது, பி.சி.எல்.11ஏ. குறையும், காமா மீண்டும் எழும்.

இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் இங்கிலாந்தும், டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. போதிய காலம் கவனிக்கப்பட்ட 31 நோயாளிகளுள் 29 பேர் ஓராண்டுக்கேனும் கடும் வலி இன்றி இருந்தனர். அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 18 கோடி ரூபாய்க்கு மேல். எங்கள் ஊர் முழுவதும் எத்தனை தலைமுறை கொழுந்து பறித்தால் இந்தத் தொகை வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அத்தை மகன் உட்கொள்வது ஹைட்ராக்ஸியூரியா என்ற காப்ஸ்யூல். அதுவும் சிசு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது, விலையும் குறைவு. தொடங்கிய பிறகு அவன் பள்ளிக்குப் போகாத நாட்கள் குறைந்திருக்கின்றன.

எனக்கும் ஒரு சீட்டு உண்டு. பள்ளியில் படித்தபோது முகாமில் இரத்தம் எடுத்துக் கொடுத்தது, அதில் 'ஏ.எஸ்.' என்று எழுதியிருக்கும். ஒரு படி நல்லது, ஒரு படி மாறியது. எனக்கு நோயில்லை. என்னைப் போன்ற இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வரும் வாய்ப்பு. அந்தச் சீட்டை நெடுநாள் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். இப்போது பாடநூலுக்குள் வைத்திருக்கிறேன்.

இவ்வாண்டு விடுமுறையில் அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன், கங்காணிக் கதையாகத்தான். பிறக்கும்போது ஓடியது வேறு காடு, ஆறு மாதத்தில் கங்காணி அதை மூடிவிட்டு நோய் உள்ள காட்டைத் திறந்துவிட்டார், நீங்கள் வேலைக்குப் போனதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்றேன். வெகுநேரம் பேசாமல் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் திருத்திக் கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கங்காணிக்கு மூடச் சொல்லி யார் சொன்னது?" என்று கேட்டார்.

நல்ல வேளையாக அதையும் படித்திருந்தேன். சிசுப் பருவத்தில் எச்.ஐ.சி.2 என்ற இன்னொரு புரதம், பி.சி.எல்.11ஏ.யை முடுக்கும் அந்த இடத்திலேயே கேட்டா-1ஐ நெருங்கவிடாமல் தடுத்துக் கொண்டிருக்கிறது என்று 2022இல் கண்டிருக்கிறார்கள். அது குறைந்ததும் அடக்கி எழுகிறது. "அப்ப அதைக் குறைச்சது யாரு?" என்றார் அத்தை. அதற்குள் மகன் விளையாடிவிட்டு வந்து தண்ணீர் கேட்டான். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அத்தை எழுந்து உள்ளே போனார்.